புத்தகத்துக்குப் பேர் வைப்பது: பொருநைக் கரையிலா, கடைமடையா, பிசானமா?

கேட்டவர் சேரன்மாதேவிப் பக்கத்துக்காரர். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருந்த ஒரு குடும்பம் அப்பா இருந்தவரை ஒன்றாக இருக்கிறது. அவர் போனபின் அண்ணனும் தம்பியும் பாகம் பிரிகிறார்கள், கடைசியில் முகம் பார்த்துப் பேசுவதும் நின்றுபோகிறது. இதை நாவலாக எழுதி முடித்திருக்கிறார். டெம்மி அளவில் 240 பக்கம் வருமாம். கையில் மூன்று தலைப்பு இருக்கிறது: 'பொருநைக் கரையில்', 'கடைமடை', 'பிசானம்'. பொருநை என்பது தாமிரபரணியின் பழைய பெயர், கடைமடை என்பது வாய்க்காலின் கடைசியில் தண்ணீர் பெறுகிற வயல், பிசானம் என்பது நெல்லைப் பக்கத்து நெல் சாகுபடிப் பருவம். கூட்டாளிகள் முதலாவதைச் சொல்கிறார்கள், பதிப்பாளர் இரண்டாவதைச் சொல்கிறார், அவருக்கு மூன்றாவதில்தான் மனசு. 'எழுத்தாளர்கள் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?' என்று பொதுவாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, நம்ம ஊர்க்காரனுக்கு மட்டும் பிடிபடுகிற ஒரு சொல்லை அட்டையில் போடலாமா, போட்டால் வெளியூர்க்காரன் கையில் எடுப்பானா என்பது. நெல்லை வட்டாரத்துப் பிரதிகளைச் செம்மை பார்த்து அச்சுக்கு அனுப்புகிற வேலையில் தெரிந்துகொண்டதை வைத்து இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நூலுக்குப் பெயர் வைப்பதற்குத் தமிழில் பழைய இலக்கணமே இருக்கிறது. பாயிரத்தில், அதாவது நூலின் முன்னுரையில், சொல்லியாக வேண்டிய எட்டுச் செய்திகளில் நூற்பெயரும் ஒன்று என்கிறது நன்னூல். பெயர் எவ்வெவற்றால் வரும் என்பதற்குத் தனி நூற்பாவும் வைத்திருக்கிறது: 'முதனூல் கருத்தன் அளவு மிகுதி பொருள் செய்வித்தோன் தன்மைமுதல் நிமித்தினும் இடுகுறியானும் நூற்கு எய்தும் பெயரே.' செய்தவன் பெயரால் வந்தது தொல்காப்பியம், அளவால் வந்தது நாலடி நானூறு, தன்மையால் வந்தது சிந்தாமணி என்று உரைகாரர்கள் காட்டுவார்கள். இதில் இன்றைக்கும் அப்படியே உதவுவது 'மிகுதி'. களவு என்கிற மணத்துக்கு முந்தைய காதல், கற்பு என்கிற மணவாழ்க்கை இரண்டையும் பேசுகிற நூலுக்குக் களவியல் என்று பெயர், ஏனென்றால் களவுதான் அதில் ஓங்கி நிற்கிறது. முதல் நாவல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். கதையில் உள்ள அத்தனையும் தலைப்புக்குள் வந்துவிட வேண்டும் என்று பார்க்கிறார்கள்: ஆறு வேண்டும், வயல் வேண்டும், உறவு வேண்டும், பிரிவும் வேண்டும். எல்லாவற்றையும் சுமக்கிற தலைப்பு எதையும் சொல்லாமல் போய்விடும். எது மிகுதியோ அதற்குப் பெயர் வைத்தால் போதும்.

நம்ம பக்கத்து எழுத்தாளர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தொடக்க கால நாவல்களுக்குத் தலைவன் அல்லது தலைவியின் பெயரோடு 'சரித்திரம்' என்று சேர்ப்பது வழக்கம். பெருங்குளத்து மாதவையா 1898இல் எழுதியது 'பத்மாவதி சரித்திரம்'. அதற்கு இரண்டு ஆண்டு முன் நூலாக வந்த ராஜம் ஐயரின் நாவலுக்கு 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்று இரட்டைப் பெயர். 'அல்லது' போட்ட இரண்டில் வாசகர் வாயில் தங்கியது எது என்று சொல்ல வேண்டியதில்லை. நீளமான பாதியை மக்களே கழற்றிவிட்டார்கள். ராஜவல்லிபுரத்து ரா.பி. சேதுப்பிள்ளை ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்கு 'ஊரும் பேரும்' என்று வைத்தார். பொருள் என்னவென்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, எதுகையால் காதில் ஒட்டவைத்துவிடுகிறது அது. தொ.மு.சி. ரகுநாதன் நெசவாளர் வாழ்வை எழுதிய நாவலுக்கு 'பஞ்சும் பசியும்'. அங்கே மோனை அதே வேலையைச் செய்கிறது, கூடவே தொழிலையும் துயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது.

பிறகு இடப்பெயர். வண்ணநிலவன் பாளையங்கோட்டைத் தெரு ஒன்றின் பெயரையே எடுத்து 'ரெயினீஸ் ஐயர் தெரு' என்று வைத்தார். அந்தத் தெருவைப் பார்த்தே இராத வாசகருக்கும் 'ரெயினீஸ்', 'ஐயர்' என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து நிற்பதே ஒரு கேள்வியை எழுப்பிவிடும். அது ஜெர்மன் மிஷனரி ஒருவரின் பெயர் என்று பிறகு தெரிந்துகொள்ளட்டும், அவசரமில்லை. வண்ணநிலவனே 'கடல்புரத்தில்' என்று வேற்றுமை உருபோடு ஒரு தலைப்பை நிறுத்தினார். 'கடல்புரம்' என்று வைத்திருந்தால் அது ஊரின் பெயராக முடிந்துபோயிருக்கும். 'இல்' வந்ததும், அங்கே யாருக்கோ என்னவோ நடக்கிறது என்று மனசு அடுத்த சொல்லைத் தேடுகிறது. கி. ராஜநாராயணன் வரைபடத்தில் இல்லாத ஊருக்குப் பெயர் சூட்டி அதையே தலைப்பாக்கினார்: 'கோபல்ல கிராமம்'. தொடர்ந்து வந்த நாவலுக்குக் 'கோபல்லபுரத்து மக்கள்' என்று வைக்க அந்தப் பெயரே இடம் கொடுத்தது. திருநெல்வேலியில் நெடுங்காலம் வாழ்ந்த தோப்பில் முகமது மீரான் ஒரு வீட்டுச் சாமானை எடுத்தார். பழைய செல்வத்தில் சாய்ந்துகொண்டே குடும்பத்தைக் கரைக்கிற ஒரு மனிதருக்குச் 'சாய்வு நாற்காலி'யைவிடப் பொருத்தமான அடையாளம் கிடைக்காது. அதைத் தேடி வேறெங்கும் போகவேண்டியிருந்திருக்காது, அந்த வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

உங்கள் சந்தேகத்துக்கு நேராக விடை சொல்கிறவர்கள் கரிசல்காட்டுக்காரர்கள். பூமணி 'வெக்கை' என்று வைத்தார், 'வெப்பம்' என்று திருத்தவில்லை. பேசுகிற வடிவத்தில் இருக்கிற புழுக்கம் எழுத்து வடிவத்தில் இல்லை. அவருடைய 'அஞ்ஞாடி' என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாத வாசகர் தமிழ்நாட்டில் நிறையவே உண்டு. ஆயிரம் பக்கத்தைத் தாண்டுகிற அந்த நாவலைப் பொருள் தெரியாதவர்களும் வாங்கினார்கள், 2014இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. சோ. தர்மனின் 'தூர்வை', 'கூகை', 'சூல்' எல்லாம் ஒற்றைச் சொல். ஆக, ஊர்ச்சொல் தலைப்பாகலாமா என்றால் தாராளமாக ஆகலாம். ஒரே ஒரு நிபந்தனை: பொருள் தெரியாவிட்டாலும் அந்தச் சொல் வாயில் உருள வேண்டும், தப்பாக வேறொரு பொருள் கொடுக்கக் கூடாது. 'கூகை' என்றால் ஆந்தை வகை என்று தெரியாதவருக்கும் அந்த ஒலி இருட்டாகக் கேட்கும். பொருள் புரியாமை வாசகரைத் தடுப்பதில்லை. பொருள் பிறழ்ந்து புரிவதுதான் தடுக்கும்.

தேடுகிற முறைக்கு வருகிறேன். தலைப்பு யோசித்து உட்காராதீர்கள், கைப்பிரதிக்குள் தேடுங்கள். கடைசித் திருத்தம் முடிந்தபின் முழுப் பிரதியையும் தாளில் அச்செடுத்து, கதைக்காக இல்லாமல் தலைப்புக்காக மட்டும் ஒருமுறை படியுங்கள். பென்சிலால் நான்கு வகைச் சொல்லைக் கோடிடுங்கள். திரும்பத் திரும்ப வருகிற பொருள்: ஒரு மண்வெட்டி, ஒரு பத்தாயம், ஒரு வரப்பு. பாத்திரங்கள் வாயில் வருகிற, அவர்களால் மட்டுமே சொல்ல முடிகிற ஒரு வார்த்தை. கதை எங்கே, எப்போது நடக்கிறதோ அந்த இடமும் பருவமும். கடைசியாக, கதை உடைகிற அத்தியாயத்தில் வருகிற பெயர்ச்சொற்கள். 240 பக்கத்தில் முப்பது நாற்பது சொல் தேறும். அதில் பாதி முதல் பார்வையிலேயே உதிர்ந்துவிடும். மிச்சத்தைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு வாரம் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிவையுங்கள். புதிதாக இருந்ததால் மட்டும் பிடித்த சொல் அந்த இரண்டு வாரத்தில் சலித்துப்போகும். ஐந்துக்கு மேல் மிஞ்சினால் தேர்வு இன்னும் நடக்கவில்லை என்று பொருள்.

சில சொற்களைப் பட்டியலில் சேர்க்கும்போதே கை கூச வேண்டும். மௌனம், நிழல், சிறகு, வேர், கனவு, யுகம், பயணம். இவற்றில் இரண்டை எடுத்து நடுவில் 'இன்' வைத்து ஒட்டினால் எந்தப் புத்தகத்துக்கும் பொருந்துகிற தலைப்பு வந்துவிடும், அதுவே அதன் குறை. பாகப்பிரிவினைக் கதைக்கும் பயணக் கட்டுரைக்கும் கவிதைத் தொகுப்புக்கும் ஒரே தலைப்பை மாற்றி மாற்றி வைக்க முடியுமென்றால் அது உங்கள் புத்தகத்தின் பெயர் இல்லை. அதேபோல முடிவைச் சொல்லிவிடுகிற தலைப்பு, நீதி சொல்கிற தலைப்பு, வியப்புக்குறி போட்ட தலைப்பு மூன்றையும் தள்ளிவிடலாம்.

இனி உங்கள் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 'பொருநைக் கரையில்' காதுக்கு இனிமையான தொடர்தான், ஆற்றின் மேல் நமக்குள்ள பாசமும் அதில் இருக்கிறது. ஆனால் பொருநை என்ற பெயர் இப்போது எங்கும் நிறைந்து கிடக்கிறது. புத்தகத் திருவிழாவுக்கு அந்தப் பெயர், அருங்காட்சியகத்துக்கு அந்தப் பெயர், வரலாற்று நூல், ஆய்வு மலர், கவியரங்கத் தொகுப்பு எல்லாவற்றுக்கும் அதுவே. இணையத்தில் தேடுகிறவருக்கு முதலில் அகழாய்வுச் செய்திதான் வந்து நிற்கும். இன்னொன்று, உங்கள் கதை ஆற்றங்கரையில் நடக்கவில்லை, கால்வாய்ப் பாசனத்து வயலில் நடக்கிறது. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு இருக்கிற ஆற்றில், கன்னடியன் பாசனக்காரர் கதைக்கென்று தனியாக ஒரு முகம் உண்டு. 'பொருநைக் கரையில்' என்றதும் அந்த முகம் மறைந்துபோகிறது. பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை யார் எழுதிய கதைக்கும் அது பொருந்தும். கூட்டாளிகளுக்குப் பிடித்ததற்குக் காரணம், ஏற்கெனவே பழகிய தொடர் போல அது இருப்பதுதான் என்று நினைக்கிறேன்.

'கடைமடை' அப்படி இல்லை. இது எல்லா ஊருக்கும் தெரிந்த சொல், தஞ்சாவூர்க்காரரும் தினசரியில் 'கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை' என்று படித்திருப்பார். நான்கே எழுத்து, 'டை' இரண்டு முறை விழுவதால் சொல்லுக்குள்ளேயே தாளம் இருக்கிறது. ஆனால் அதே பழக்கம்தான் சிக்கலும்கூட. இந்தச் சொல்லைக் கேட்டதும் வாசகர் தண்ணீர்ப் போராட்டம், கலெக்டர் ஆபீஸ் முற்றுகை, விவசாயச் சங்கம் என்றுதான் எதிர்பார்ப்பார். கட்டுரை நூல் என்று நினைக்கிறவரும் இருப்பார். தம்பி பங்குக்கு வாய்க்காலின் கடைசி வயல் விழுந்து, அதுவே பகைக்கு வித்தாகிறது என்றால் 'கடைமடை'க்கு ஈடில்லை. தலைப்பு வயலையும் சொல்லும், குடும்பத்தில் அவன் நிற்கிற இடத்தையும் சொல்லும். கதையில் கடைமடை ஓரிரு பக்கத்தில் மட்டும் வந்துபோகிறது என்றால், பதிப்பாளர் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம். வாசகர் கடைசிப் பக்கம் வரை அந்தத் தண்ணீருக்காகக் காத்திருந்து ஏமாறுவார்.

'பிசானம்' நம்ம மண்ணுக்கே உரியது. ஆனி, ஆடியில் தொடங்குகிற கார் சாகுபடி மேற்குமலைத் தென்மேற்கு மழையை நம்பி நடக்கும். ஐப்பசி வாக்கில் தொடங்கி மாசி, பங்குனியில் அறுக்கிற பிசானம் வடகிழக்குப் பருவமழையோடு வரும். காவிரிப்பக்கம் குறுவை, சம்பா, தாளடி என்பார்களே தவிர இந்தச் சொல் அங்கே புழங்குவதில்லை. வாயில் உருளுமா என்றால் நன்றாகவே உருளும், 'சா' நீண்டு 'னம்' என்று அமர்கிறது. பிறழப் புரியுமா என்பதுதான் யோசிக்க வேண்டியது. பழக்கமில்லாத காதுக்கு முதல் இரண்டெழுத்து 'பிசாசு' பக்கம் இழுக்கும், பேய்க்கதையோ என்று ஒரு நொடி தோன்றும். அட்டைப்படம் அதைச் சரிசெய்துவிடும்: நாற்றோ கதிரோ உள்ள ஒரு படம் போதும், இருண்ட படம் போட்டால் கெட்டது. பின்னட்டைக் குறிப்பின் முதல் வாக்கியத்திலேயே அந்தச் சொல் இயல்பாக வந்துவிட வேண்டும், 'பிசான அறுப்பு முடிந்த மாசி மாதத்தில்' என்பது போல. தலைப்புக்குக் கீழே அடைப்புக்குறியில் பொருள் எழுதாதீர்கள், அது வாசகருக்குப் பாடம் நடத்துவது போல இருக்கும். நாவலின் முதல் பத்துப் பக்கத்துக்குள் சொல் விளங்கிவிட்டால் சரி. முறிவு நடப்பது பிசான அறுப்புக் களத்தில் என்றால், நெல் அளந்து பங்கு போடுகிற இடத்தில் என்றால், இந்தத் தலைப்பு முழுப் புத்தகத்தையும் தாங்கும்.

எதை எடுத்தாலும் வாயால் சொல்லிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். புத்தகம் கையிலிருந்து கைக்குப் போவதற்கு முன்னால் வாயிலிருந்து காதுக்குப் போகிறது. திருநெல்வேலி வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நிற்கிற ஒருவருக்குப் போன் போட்டுத் தலைப்பை ஒரே ஒரு முறை சொல்லுங்கள், அவர் திருப்பிச் சொல்லட்டும். 'கடைமடை' 'கடமை' ஆகிறதா, 'பிசானம்' என்னவாகிறது என்று அங்கே தெரிந்துவிடும். பிறகு ஐந்து பேரைக் கேளுங்கள், இரண்டு பேராவது மாவட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். 'தலைப்பு நல்லாருக்கா?' என்று கேட்டால் எல்லாரும் நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள், நம்ம ஊரில் முகத்துக்கு நேரே யாரும் கழிக்கமாட்டார்கள். 'இந்தப் பேர்ல ஒரு நாவல் இருந்தா உள்ள என்ன இருக்கும்?' என்று கேளுங்கள். அவர் சொல்கிற கதையும் உங்கள் கதையும் ஒன்றாக இருக்க வேண்டாம், ஒரே திசையில் இருந்தால் போதும். மறுநாள் அவரிடமே 'நேத்து ஒரு பேர் சொன்னேனே, என்னது?' என்று கேளுங்கள். ஐவரில் மூவர் தடுமாறினால் அந்தத் தலைப்பு கடைக்குப் போய்ச் சேராது. புத்தகத் திருவிழா நெரிசலில் ஸ்டாலில் நிற்கிறவரிடம் 'அண்ணாச்சி, அந்த… என்னமோ ஒரு நெல்லுப் பேரு…' என்று கேட்டுவிட்டு வேறு புத்தகத்தோடு போய்விடுவார்.

அடுத்தது முதுகு. கடையில் பெரும்பாலான புத்தகங்கள் முதுகைக் காட்டித்தான் நிற்கும். 240 பக்கம் என்றால் 120 தாள். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் 11, 12 மில்லிமீட்டர் கனம் வரும், அட்டையோடு சேர்த்து 13 வரை போகலாம். இரு விளிம்பிலும் இரண்டிரண்டு மில்லிமீட்டர் விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது எட்டோ ஒன்பதோ. தமிழ் எழுத்துக்கு மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகரக் காலும் உண்டு, அவையும் இந்த எட்டுக்குள் அடங்க வேண்டும். ஆகவே உடல் எழுத்து நினைத்ததைவிடச் சிறிதாகிவிடும். டெம்மியின் எட்டரை அங்குல உயரத்தில் உங்கள் பெயருக்கும் பதிப்பக முத்திரைக்கும் போக, தலைப்புக்குப் பாதிக்குச் சற்று மேலே இடம் கிடைக்கும். பதினைந்து முதல் இருபது எழுத்துவரை கண்ணுக்குத் தெரிகிற அளவில் நிற்கும், அதற்கு மேல் போனால் எறும்பாகிவிடும். 'பிசானம்', 'கடைமடை' இரண்டுக்கும் இங்கே தாராளம். கைப்பேசியில் கட்டைவிரல் நக அளவில் தெரிகிற அட்டைப் படத்துக்கும் இதே கணக்குத்தான்.

ஒற்று விஷயத்தில் கவனம் வேண்டும், ஏனென்றால் அட்டையில் விழுகிற பிழை அடுத்த பதிப்பு வரை திருந்தாது. 'பொருநைக் கரையில்' என்பதில் 'க்' வந்தே தீர வேண்டும். அட்டை வடிவமைப்பவர் இரண்டு சொல்லையும் இரண்டு வரியாக்கும்போது முதல் வரிக் கடைசியில் 'க்' தனியாகத் தொங்குவது அழகாக இல்லை என்று எடுத்துவிடுவார். உள்ளே தலைப்புப் பக்கத்தில் ஒற்றோடும் வெளியே ஒற்றில்லாமலும் புத்தகம் வந்துவிடும். அட்டையை வேறு எழுத்துருவில், அதுவும் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் செய்கிறவர்களிடம் புள்ளியும் கொம்பும் இடம் மாறுவதும் உண்டு. அச்சுக்குப் போகுமுன் ஆறு இடத்தில் தலைப்பை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்: முன்னட்டை, முதுகு, பின்னட்டை, உள்ளே அரைத்தலைப்புப் பக்கம், முழுத்தலைப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம். ஆறும் ஒன்றுபோல இருக்க வேண்டும். தலைப்புக்குக் கீழே சிறிதாக 'நாவல்' என்று போடுங்கள். 'கடைமடை'யைக் கட்டுரை நூலாக எண்ணுகிறவரும், 'பிசானம்' எந்த வகை நூலென்று தெரியாதவரும் அந்த ஒரு சொல்லில் தெளிந்துவிடுவார்கள்.

இணையத்தில் வாசகர் தமிழில் தேடுவார், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியும் தேடுவார். 'ழ' இருக்கிற தலைப்பை ஆளுக்கொரு விதமாகத் தட்டுவார்கள். உங்கள் மூன்றிலும் 'ழ' இல்லை, அது நல்லது. ஆனால் 'பிசானம்' என்பதில் 'ச'வுக்கு ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தும் போடுவார்கள், இரட்டை எழுத்தும் போடுவார்கள். அரசு ஆவணங்களிலேயே இரண்டு விதமாகவும் இருக்கிறது. எதையாவது ஒன்றை முடிவு செய்து பதிப்பு விவரப் பக்கம், இணையக் கடை, கிண்டில் எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். 'கடைமடை'யைச் சேர்த்து எழுதுவதா 'கடை மடை' என்று பிரிப்பதா என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். சேர்த்து எழுதுவதே சரி, பிரித்தால் தேடலில் கடைகள்தான் வரும்.

அதே பெயரில் வேறு புத்தகம் இருக்குமோ என்ற கேள்விக்குச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. வெறும் தலைப்புக்கு மட்டும் பதிப்புரிமை கிடையாது. ஒரு திரைப்படப் பெயர் தொடர்பான வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. ஆனாலும் பெயர்பெற்ற ஒரு நூலின் தலைப்பை எடுத்து, அதுதான் இது என்று வாசகர் ஏமாறும்படி செய்தால் வேறு வகையில் வழக்கு வரலாம். அப்படிப்பட்ட சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்காமல் வழக்கறிஞரைக் கேளுங்கள். சட்டம் விட்டாலும் பழைய நூலோடு குழம்புவது உங்களுக்குத்தான் நட்டம். கன்னிமாரா நூலகப் பட்டியல், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இரண்டு மூன்று இணையக் கடைகள், இவற்றில் தேடிப் பார்த்துவிடுங்கள். முப்பது வருடத்துக்கு முன் வந்து மறைந்த நூல் என்றால் கவலை வேண்டாம். நான்கைந்து வருடத்துக்குள் வந்த நாவல், அதே வகை, அதே பெயர் என்றால் மாற்றுங்கள்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனி அடையாளமாகத் தரப்படுகிற ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே தலைப்பு முடிவாகிவிட வேண்டும். இந்தியாவில் அதை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமில்லாமல் தருகிறது, பதிப்பாளர் இல்லாமல் நீங்களே அச்சிட்டாலும் விண்ணப்பிக்கலாம். 13 இலக்க எண் தலைப்போடு சேர்ந்தே பதிவாகிறது. பிறகு தலைப்பை மாற்றினால் புது எண் வாங்க வேண்டும். பதிப்பாளரோடு போடுகிற ஒப்பந்தத்தில் 'தலைப்பு மாற்றம் ஆசிரியர் ஒப்புதலோடு மட்டும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கேட்காவிட்டால் அட்டை அச்சாகி வந்தபின்தான் தெரியவரும்.

சிறுகதைத் தொகுப்பு என்றால் வேலை எளிது. தொகுப்பில் உள்ள ஒரு கதையின் பெயரை எடுப்பதுதான் நெடுநாள் வழக்கம். புதுமைப்பித்தன் 'காஞ்சனை' கதையின் பெயரையே தொகுப்புக்கும் வைத்தார். கட்டுரை நூலுக்குப் பூடகம் வேண்டாம். தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' போல, உள்ளே என்ன வாதம் என்பது தலைப்பிலேயே தெரிய வேண்டும். உங்கள் கேள்வி நாவலைப் பற்றியது என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

இவ்வளவு சொன்னபின், எது உறுதி எது ஊகம் என்றும் பிரித்துச் சொல்லியாக வேண்டும். முதுகின் அளவு, ஒற்று, ஐஎஸ்பிஎன், சட்டம் இவையெல்லாம் உறுதி. ஊர்ச்சொல் தலைப்பு வெளியூரில் போகும் என்பதற்கும் முன்னுதாரணங்கள் இருக்கின்றன. ஆனால் நல்ல தலைப்பு வைத்தால் கூடுதலாக விற்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். ஆசிரியர் பெயர், மதிப்புரை, விருது, நூலக ஆணை, அட்டை எல்லாம் கலந்து நடக்கிற காரியத்தில் தலைப்பின் பங்கை மட்டும் தனியே எடுத்து அளக்க வழியில்லை. பதிப்பாளர் 'கடைமடை' என்று சொல்வது விற்பனை அனுபவத்தால் என்றால் அதை மதிக்கத்தான் வேண்டும், கேட்டாக வேண்டும் என்றில்லை. 'ஏன்?' என்று கேளுங்கள். 'பிசானம் யாருக்கும் புரியாது' என்பது மட்டும்தான் காரணம் என்றால், மேலே சொன்ன கரிசல் நாவல்களை எடுத்துக்காட்டிப் பேசலாம். 'உங்க கதையில தம்பிதான் நிக்கிறான், அவன் வயல்தான் நிக்கிது' என்று சொன்னாரென்றால் அவர் பிரதியை நன்றாகப் படித்திருக்கிறார், அப்போது உட்கார்ந்து யோசியுங்கள்.

என் கணிப்பைக் கேட்டால், 'பொருநைக் கரையில்' இப்போதே விலகட்டும். மற்ற இரண்டுக்கும் பிரதியையே சாட்சிக்குக் கூப்பிடுங்கள். முறிவு வருகிற அத்தியாயத்தை எடுத்து, அதில் எந்தச் சொல் எத்தனை இடத்தில் வருகிறது, யார் வாயில் வருகிறது என்று எண்ணுங்கள். பிசான நெல் அளக்கிற களத்தில் அண்ணன் ஒரு சொல் சொல்லி, தம்பி மரக்காலைக் கீழே வைத்துவிட்டுப் போகிற மாதிரி ஒரு காட்சி இருந்தால் 'பிசானம்' என்றே வையுங்கள், யார் சொன்னாலும் மாற்றாதீர்கள். பகை தண்ணீர் முறையில்தான் தொடங்கி முடிகிறது என்றால் பதிப்பாளர் சொன்னதே சரி. இரண்டும் சம அளவில் இருந்தால், போனில் தெளிவாகக் கேட்டதை எடுங்கள். முடிவானதும் அன்றைக்கே பதிப்பாளருக்குத் தலைப்பை ஒற்று, இடைவெளி, ஆங்கில எழுத்துக்கூட்டு மூன்றோடும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள், அட்டை வடிவமைப்பவருக்கும் ஒரு நகல் போகட்டும்.